டிராக்டர் ரேடியேட்டரில் செந்நீர் கண்டால்

(உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



பயிரைப் பற்றிப் பேச வேண்டியவர் ரேடியேட்டரைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. குறுவைக்கு ஏற்ற குறுகிய கால நெல் இரகங்களின் நாற்றை 18 முதல் 22 நாட்களில் பறித்து நட வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வந்து, நாற்றும் பறிப்புக்கு வந்து, நடவு ஆட்களுக்கும் சொல்லியாகிவிட்ட நாளில், டிராக்டர் சேற்றின் நடுவே ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டால் என்ன ஆகும்? மெக்கானிக் வந்து, சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, பட்டறைக்கு அனுப்பி, திரும்பப் பூட்டுவதற்குள் ஒரு வாரம் போய்விடும். அந்த ஒரு வாரத்தில் நாற்று முற்றிவிடும். முற்றிய நாற்றை நட்டால் தூர் குறையும். குறைந்த தூரைப் பிறகு எத்தனை மூட்டை யூரியா போட்டும் ஈடு செய்ய முடியாது. ஆகவே ரேடியேட்டரும் பயிர் சங்கதிதான்.

நாளைக் காலை, எஞ்சினை முடுக்குவதற்கு முன்பு, நன்றாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் நீர் பச்சையாகவோ, சிவப்பு அல்லது நீலச் சாயமாகவோ தெளிந்திருந்தால் நல்லது. செம்மண் குட்டையில் மொண்டது போலக் கலங்கியிருந்தால், அல்லது மூடியின் அடிப்பக்கத்தில் விரலால் தடவும்போது காவிச் சேறு ஒட்டினால், எஞ்சினுக்குள் துரு வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். எண்ணெய்ப் படலம் மிதந்தால் அது துரு அல்ல. கேஸ்கெட் அல்லது ஆயில் கூலர் பழுது. அதற்கு மெக்கானிக்கைத்தான் அழைக்க வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. அரை மணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டு, விசிறி நின்ற பின் ரேடியேட்டரின் மேற்பரப்பை இடம் இடமாகக் கையால் தொட்டுப் பாருங்கள். மேலே அதிகச் சூடும் கீழே போகப் போகக் குறைந்த சூடும் இருப்பது இயல்பு. ஆனால் சுற்றிலும் சுடும்போது நடுவில் ஒரு திட்டு மட்டும் குளிர்ந்திருந்தால் அந்த இடத்தில் குழாய்கள் அடைபட்டுவிட்டன.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சூடேறுவதற்கெல்லாம் துருவே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. சேற்றுழவின்போது சேறும், அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசியும் பதரும் ரேடியேட்டரின் வெளித் தகடுகளில் அடைத்துக்கொள்ளும். ஃபேன் பெல்ட் தளர்ந்தாலும் சூடேறும். வெளியே அடைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெளியடைப்பை எஞ்சின் பக்கமிருந்து முன்புறமாக மெதுவாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம். முன்பக்கமிருந்து வேகமாக அடித்தால் தூசி இன்னும் ஆழமாகப் போய்த் தகடுகளும் மடங்கும்.

துருவுக்குத் தீனி

எஞ்சினின் பெரும்பகுதி வார்ப்பிரும்பு. சிலிண்டர்களைச் சுற்றி நீர் ஓடும் பாதை இருக்கிறது. அங்கே சூட்டை வாங்கிய நீர், வாட்டர் பம்பின் உந்துதலால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் இறங்கி, காற்றில் ஆறித் திரும்ப வருகிறது. இரும்பு துருப்பிடிக்க நீர் மட்டும் போதாது, ஆக்சிஜனும் வேண்டும். இந்த இரண்டாவது பொருள் எங்கிருந்து வருகிறது என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

தண்ணீரிலேயே ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது எவ்வளவு தெரியுமா? 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் நீரில் 7 அல்லது 8 மில்லிகிராம் மட்டுமே. அது தீர்ந்துவிட்டால் துருவும் ஏறக்குறைய நின்றுவிடும். அதே சமயம் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. அதாவது நீரில் உள்ளதைப் போல 35 மடங்கு. ஆகவே நீர் நிரம்பி, காற்று புகாமல் மூடியிருக்கும் எஞ்சினில் துரு மெதுவாகவே பிடிக்கும். நீர்மட்டம் குறைந்து, மேலே காற்று தங்கி, பம்பு அந்தக் காற்றையும் நீரையும் சேர்த்துக் கடைந்துகொண்டே இருக்கும் எஞ்சினில் துருவுக்கு ஓயாமல் தீனி கிடைக்கிறது.

"என் டிராக்டருக்குத் தினமும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும், வேறு செலவே இல்லை" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அது நல்ல செய்தி அல்ல. ஒழுங்கான எஞ்சின் தினமும் தண்ணீர் கேட்காது. கேட்கிறது என்றால் நீர் எங்கோ வெளியேறுகிறது, அந்த வழியாகக் காற்று உள்ளே வருகிறது என்று பொருள்.

பெரும்பாலும் அந்த வழி ரேடியேட்டர் மூடிதான். வெறும் மூடி என்று அதை நினைக்காதீர்கள். அதில் வில் வைத்த அழுத்த வால்வு ஒன்றும், அதன் நடுவில் சிறிய வெற்றிட வால்வு ஒன்றும் இருக்கின்றன. அழுத்த வால்வு உள்ளே அழுத்தத்தை நிறுத்தி வைப்பதால் நீர் கொதிக்கும் சூடு உயர்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய நீர் ஏறக்குறைய 111 டிகிரி வரை கொதிக்காது. நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் வேலைதான் இது. எஞ்சின் ஆறும்போது நீர் சுருங்கும். அப்போது வெற்றிட வால்வு திறந்து, பக்கத்தில் உள்ள சேமிப்புப் பாட்டிலிலிருந்து நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மூடியின் ரப்பர் வளையம் கட்டிப்பட்டு வெடித்துவிட்டால், ஓடும்போது ஆவி போகும். ஆறும்போது நீருக்குப் பதிலாகக் காற்று உள்ளே வரும். ஒவ்வொரு நாளும் எஞ்சின் இப்படி ஒரு முறை மூச்சு வாங்குகிறது. மூடி மாற்றுவது மிகச் சிறிய செலவு. அதே அழுத்த அளவு பொறித்த மூடியாகப் பார்த்து வாங்க வேண்டும். சிலர் மூடி தொலைந்துவிட்டால் துணியைச் சுருட்டிச் செருகிக்கொண்டு பருவம் முழுவதும் ஓட்டுகிறார்கள். அதைவிடத் துருவுக்கு வேண்டிய உபசாரம் வேறில்லை.

மூடிக்கு அடுத்தபடி ஹோஸ் குழாய்களையும் கிளிப்புகளையும் பாருங்கள். கீழ்க்குழாய் பம்பின் உறிஞ்சும் பக்கம் உள்ளது. அதில் நுண்ணிய வெடிப்பு இருந்தால், நீர் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகலாம். வாட்டர் பம்பின் அடியில் ஈரக் கசிவு அல்லது வெள்ளைத் தடம் இருந்தால் அதன் சீல் போய்விட்டது.

எந்தத் தண்ணீர்?

"தண்ணீர்தானே, எந்தத் தண்ணீரானால் என்ன?" என்று கேட்கலாம். உங்கள் கிணற்று நீரைப் பாசனத்துக்காகப் பரிசோதித்து வாங்கிய அறிக்கை வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் மின் கடத்துதிறன் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அது 2 டெசிசீமன் என்று இருந்தால், லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று கொள்ளலாம். மூடி பழுதான எஞ்சினில் தினமும் ஒரு லிட்டர் ஆவியாகப் போகிறது, நீங்கள் ஒரு லிட்டர் ஊற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆவியாகப் போவது நீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கிவிடும். 100 நாளில் 130 கிராம் உப்பு எஞ்சினுக்குள் சேர்ந்துவிடுகிறது. வேதாரண்யத்தில் உப்பளம் வேலை செய்யும் முறையும் இதுதான். அங்கே வெயில் செய்வதை இங்கே டீசல் செய்கிறது.

இந்த உப்பில் இரு வகைக் கெடுதல் இருக்கிறது. குளோரைடு உப்பு இரும்பின் மேற்பரப்பைக் குத்திக் குத்தித் துருவை விரைவுபடுத்தும். கடலோர மாவட்டங்களில் இது அதிகம். பைகார்பனேட் நிறைந்த கடின நீர் சூடானவுடன் சுண்ணாம்பாக மாறிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிந்து, தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும் போகாதே, அந்தப் படிவுதான் சிலிண்டரைச் சுற்றியும் படிகிறது. சுண்ணாம்புப் படிவும் துருவும் சூட்டைக் கடத்துவதில் இரும்பைவிட மிக மட்டம். ஒரு மில்லிமீட்டர் சுண்ணாம்புப் படிவு, சிலிண்டர்ச் சுவர் 20 மில்லிமீட்டருக்கும் மேல் தடித்துவிட்டதற்குச் சமம். ரேடியேட்டர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சூடு நீருக்கு வந்து சேர்ந்தால்தானே ஆற முடியும்?

டீசல் எஞ்சினில் இன்னொரு சேதமும் உண்டு. பல டிராக்டர்களில் சிலிண்டர் லைனரின் வெளிப்புறம் நேரடியாக நீரில் நிற்கிறது. எரிபொருள் வெடிக்கும் ஒவ்வொரு முறையும் லைனர் அதிர்கிறது. அந்த அதிர்வில் நுண்ணிய குமிழிகள் தோன்றி உடைந்து, உலோகத்தை ஊசியால் குத்தியதுபோல் அரிக்கின்றன. வெறும் தண்ணீரில் ஓட்டும்போது இந்தத் துளை நாளடைவில் லைனரைக் கடந்து, நீர் எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். கூலண்ட் திரவத்தில் சேர்க்கப்பட்டுள்ள தடுப்பு மருந்துகள் லைனர் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி இதைத் தடுக்கின்றன. கூலண்ட் என்பது குளிர் நாடுகளில் நீர் உறையாமல் இருக்கச் சேர்ப்பது, நமக்கு எதற்கு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உறைபனி விழும் உதகைப் பகுதியைத் தவிர நமக்கு அந்தக் குணம் தேவையில்லைதான். துருவைத் தடுக்கும் குணம் எல்லோருக்கும் தேவை.

சில கைவைத்தியங்கள்

ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடும் வழக்கம் லாரி ஓட்டுநர்களிடமிருந்து நம்மிடம் வந்தது. நடுவழியில் நின்றுவிட்டால் வீடு வந்து சேர அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டையை அடைக்கும் அதே மஞ்சள், துருவோடு சேர்ந்து நல்ல குழாய்களையும் அடைக்கும். வீடு வந்ததும் கழுவிவிட வேண்டும். லேத்துப் பட்டறை எண்ணெயை ரேடியேட்டரில் ஊற்றுவதும் பழைய பழக்கம். துருவைச் சிறிது தடுத்தாலும் அது ரப்பர் குழாய்களை ஊதிப் போகச் செய்யும். எஞ்சின் சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வராமலே ஓடினால் டீசல் கூடுதலாகும், சிலிண்டரும் விரைவில் தேயும். பழுதா இல்லையா என்று தெரிய வேண்டுமானால், அதை ஒரு நூலில் கட்டி, தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். அதன் மேல் பொறித்துள்ள டிகிரியை ஒட்டித் திறந்தால் நல்லது. கொதிக்கும் நீரிலும் திறக்காவிட்டால் மாற்றிவிடுங்கள்.

கழுவும் முறை

வேலையில்லாத ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். நடவுக்கு முந்தின நாள் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ரேடியேட்டரின் அடியில் உள்ள திருகையும், எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிதிருகையும் திறந்து நீரை ஒரு பாத்திரத்தில் பிடியுங்கள். பிளாக்கின் திருகைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கனமான சேறு தங்குவது அங்கேதான். திறந்தும் நீர் வராவிட்டால் துளை அடைபட்டிருக்கிறது; கம்பியால் குத்திவிட வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வைத்துவிட்டு, நல்ல நீர் விட்டு ஓட்டி, வடித்து, தெளிவாக வரும்வரை அலசுங்கள்.

ஒட்டியிருக்கும் துருவுக்கு சிட்ரிக் அமிலம் போதும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும். லிட்டருக்கு 50 கிராம் என்பது கணக்கு. 10 லிட்டர் கொள்ளும் எஞ்சினுக்கு அரைக் கிலோ. வெந்நீரில் முழுவதும் கரைத்து ஊற்றி, மேலே நல்ல நீர் நிரப்புங்கள். ரேடியேட்டரின் முன்னால் ஓர் அட்டையைப் பாதியளவு மறைத்து வைத்தால் சீக்கிரம் சூடேறும். சூட்டு முள்ளைக் கவனித்துக்கொண்டே அரை மணி நேரம் மிதமான வேகத்தில் ஓட்டி, ஆறவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே வடித்துவிடுங்கள். காப்பி டிகாக்ஷன் போலக் கறுத்து வரும். மிகவும் மோசமாக இருந்தால் இன்னொரு முறை செய்யலாம். இரவு முழுவதும் அமிலத்தை உள்ளே விட்டு வைக்கக் கூடாது. பிறகு மூன்று நான்கு முறை அலசி, லிட்டருக்கு 10 கிராம் சமையல் சோடா கரைத்த நீரில் ஐந்து நிமிடம் ஓட்டி வடித்தால் மிச்ச அமிலம் முறிந்துவிடும். மறுபடி நல்ல நீரில் அலச வேண்டும்.

சலவை சோடா போடும் பழைய முறை, செம்பு, பித்தளை ரேடியேட்டர் இருந்த டிராக்டர்களுக்குச் சரி. இப்போது அலுமினிய ரேடியேட்டர் பல வண்டிகளில் வந்துவிட்டது. சலவை சோடா அலுமினியத்தை அரிக்கும். கழிவறை சுத்தம் செய்யும் ஆசிட்டை எந்த எஞ்சினிலும் ஊற்றவே கூடாது. அது துருவை மட்டும் தின்னாது, இரும்பையும் பற்றையும் சேர்த்தே தின்னும்.

இப்போது நடவுக்கு முந்தின நாள் வேண்டாம் என்றதன் காரணம். பழைய ரேடியேட்டரில் சில ஓட்டைகளைத் துருவே அடைத்துக்கொண்டிருக்கும். கழுவியதும் அவை ஒழுகத் தொடங்கும். எஞ்சின் பிளாக்கில் வட்டமாக அடித்து வைத்திருக்கும் மெல்லிய தகட்டு அடைப்பான்களும் உள்ளேயிருந்து அரித்துப் போயிருக்கலாம். கழுவியதால் கெட்டது என்று நினைக்க வேண்டாம். கெட்டுப்போயிருந்தது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். மறுநாளும் அதற்கடுத்த நாளும் எஞ்சின் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பால் கலந்த காப்பி போல் இருந்தால் ஓட்டாதீர்கள்.

கழுவிய எஞ்சினைக் காலியாக விடவும் கூடாது. சுத்தமான இரும்பு, ஈரமும் காற்றும் பட்டால் சில மணி நேரத்திலேயே மறுபடி துருப்பிடிக்கத் தொடங்கும். உடனே நிரப்ப வேண்டும். எத்திலீன் கிளைக்கால் கூலண்டும் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி என்பது பொதுவான அளவு. என்னதான் வடித்தாலும் அலசிய நீர் ஓரிரு லிட்டர் உள்ளே தங்கிவிடும். ஆகவே கடைசி அலசலைக் காய்ச்சி வடித்த நீரிலேயே செய்துவிட்டு, 10 லிட்டர் எஞ்சினுக்கு முதலில் 5 லிட்டர் கூலண்டை ஊற்றி, பிறகு நீரால் நிரப்புங்கள். அப்போது அளவு தவறாது. கலந்தே விற்கும் கூலண்ட் என்றால் அதில் மேற்கொண்டு நீர் சேர்க்க வேண்டியதில்லை. தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் பூட்டி, மூடி போடாமல் எஞ்சினை ஓட்டுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் உள்ளே அடைபட்ட காற்று வெளியேறி மட்டம் இறங்கும். அதை நிரப்பிய பிறகு மூடியைப் போடுங்கள். நிறத்தைப் பார்த்து ஒரு கூலண்டோடு வேறொன்றைக் கலக்காதீர்கள். சில வகைகள் சேர்ந்தால் கூழாகிவிடும். எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது என்பது வகையைப் பொறுத்தது. டிராக்டருடன் வந்த கையேட்டில் சொன்ன காலத்தைத் தாண்ட வேண்டாம். தடுப்பு மருந்து தீர்ந்த பிறகு நிறம் மட்டும்தான் இருக்கும்.

வயலில் ஓடிக்கொண்டிருக்கும்போது கொதித்துவிட்டால் மூடியை உடனே திறக்காதீர்கள். முகமும் கையும் வெந்து போகும். வேலையை நிறுத்தி, எஞ்சினை ஆறவிட்டு, கனத்த சாக்கை மூடி மேல் போட்டுச் சிறிது சிறிதாகத் திருகுங்கள். வாய்க்கால் நீரை மொண்டு சூடான எஞ்சினில் ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும்.

டீசல் பம்பு செட் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. பம்பு இறைக்கும் நீரிலேயே ஒரு பங்கை எஞ்சினுக்குள் ஓடவிடும் வகையில் கூலண்ட் போட வழியில்லை. அதில் வெளியேறும் நீர் கை பொறுக்க முடியாத சூட்டில் இருக்குமாறு வால்வைக் குறைத்து வையுங்கள். அதிகக் குளிர்ச்சியும் டீசல் விரயம்தான். பருவம் முடிந்ததும் எஞ்சினில் நிற்கும் நீரை முழுவதும் வடித்துவிடுங்கள். பாதி நீரும் பாதிக் காற்றுமாக ஆறு மாதம் நிற்கும் எஞ்சின்தான் அதிகம் துருப்பிடிக்கிறது.

வடித்த பழைய கூலண்டை வாய்க்காலிலோ களத்திலோ கொட்டாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். மாடும் நாயும் ருசி பார்க்கும், குழந்தைகளும் தொட்டு நக்கும். ஒரு தம்ளருக்கும் குறைந்த அளவே ஓர் ஆளின் உயிரைப் போக்கிவிடும். ரேடியேட்டர் வடிக்கும் வாளியை மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் வாளியாக ஒரு நாளும் பயன்படுத்த வேண்டாம். மூடியுள்ள கேனில் ஊற்றி, அடையாளம் எழுதி, கழிவு எண்ணெய் வாங்கும் பட்டறையில் ஒப்படையுங்கள்.

பாசன நீர் மாதிரியைப் பாட்டிலில் கொண்டு வந்திருப்பவர்கள் அதன் மேல் பெயர், ஊர், கிணறா ஆழ்துளைக் கிணறா என்ற விவரத்தை எழுதி வாயிலருகே உள்ள மேசையில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். முடிவு வந்ததும் பயிருக்கு ஆகுமா என்பதோடு, எஞ்சினுக்கு ஆகுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.